நாம் வாங்கும் பட்டை எந்த மரத்துப் பட்டை? கறுவா, காசியா குழப்பமும் அதன் விலையும்

டெல்லி மந்திர் மார்க்கில் டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. அந்த வட்டாரத்தில் புதிதாகக் குடியேறும் ஒரு தமிழர், பக்கத்திலுள்ள கோல் மார்க்கெட் மளிகைக் கடையில் போய் 'பட்டை' என்று கேட்டால் கிடைக்காது. 'தால்சீனி' என்று கேட்க வேண்டும். 'லவங்கம்' என்று சொல்லிப் பார்த்தால் கடைக்காரர் கிராம்பை எடுத்து நீட்டுவார். இந்தியில் 'லௌங்' என்றால் கிராம்பு.

மொழிச் சிக்கலோடு நின்றால் பரவாயில்லை. ஆனால் தால்சீனி என்று சரியாகக் கேட்டு வாங்கினாலும், பாக்கெட்டுக்குள் இருப்பது தால்சீனிதானா என்பது தனிக் கேள்வி. இந்தியச் சட்டப்படி தால்சீனி ஒரு மரத்தின் பட்டை. நம் கடைகளில் அதிகம் விற்பதோ அதன் உறவுக்கார மரங்களின் பட்டை. சட்டம் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது.

பிரியாணிக்கு இது பெரிய விஷயமில்லை. தினமும் காலையில் வெந்நீரில் பட்டைத்தூள் கலந்து குடிப்பவர்களுக்கும், பட்டை பயிரிட நினைக்கும் விவசாயிகளுக்கும் இது பெரிய விஷயம்தான். ஏன் என்று பார்க்கலாம்.

அவகாடோவும் கற்பூரமும் சொந்தக்காரர்கள்

பட்டை தரும் மரங்கள் 'லாரல்' என்ற தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எப்போதும் பசுமையாக இருக்கும், இலையைக் கசக்கினால் மணக்கும் குடும்பம் இது. 'நோபல் லாரியேட்' என்கிறோமே, அந்த 'லாரியேட்' என்ற சொல் இந்தக் குடும்பத்தின் மூத்த உறுப்பினரான லாரல் செடியிலிருந்து வந்தது. பழைய கிரேக்க, ரோமானியர்கள் வெற்றியாளர்களுக்குச் சூட்டியது அதன் இலை மாலையைத்தான்.

கஃபேக்களில் டோஸ்ட் மேல் தடவித் தரும் அவகாடோவும், அதாவது கொடைக்கானல் பக்கம் 'பட்டர் ஃப்ரூட்' என்று விற்கும் பழமும், இதே குடும்பம்தான். மந்திர் மார்க்குக்கு அந்தப் பெயரைக் கொடுத்த பிர்லா மந்திர் போன்ற கோயில்களில் ஏற்றும் கற்பூரம்கூட முதலில் இந்தக் குடும்பத்து மரம் ஒன்றிலிருந்துதான் எடுக்கப்பட்டது. இன்று கடையில் கிடைக்கும் கற்பூரத்தில் பெரும்பகுதி டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் தயாராவது.

பிரிஞ்சி இலையும் இந்தக் கூட்டத்தில் உண்டு. டெல்லியில் அதற்குப் பெயர் 'தேஜ்பத்தா'. இமயமலை அடிவாரத்தில் வளரும் இது, பட்டை மரத்தின் நேரடிச் சகோதரன். உத்தராகண்ட் தேஜ்பத்தாவுக்கு 2016-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஐரோப்பிய சமையலில் வரும் 'பே லீஃப்' வேறு செடி. அது மேலே சொன்ன லாரல். இலையைத் திருப்பிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நீளவாக்கில் 3 நரம்புகள் ஓடினால் பிரிஞ்சி இலை. நடுவில் ஒரே நரம்பு, பக்கவாட்டில் கிளைகள் என்றால் பே லீஃப்.

ஒரு பட்டை, பல மரங்கள்

'உண்மையான' பட்டை என்று தாவரவியலாளர்கள் சொல்வது 'சினமோமம் வெரம்' என்ற மரத்தின் உள்பட்டையை. 'வெரம்' என்றால் லத்தீனில் 'உண்மையான' என்றே பொருள். பழைய பெயர் 'சினமோமம் ஜெய்லானிக்கம்', அதாவது சிலோனைச் சேர்ந்தது. இதன் தாயகம் இலங்கை. ஈழத் தமிழில் இதற்குத் தனிப்பெயர் உண்டு: கறுவா. கொழும்பு 7 பகுதியை இன்றும் 'கறுவாத்தோட்டம்' என்றுதான் சொல்கிறார்கள். டச்சுக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டில் போட்ட தோட்டம் அது.

இன்னொன்று காசியா. சீனா, வியட்நாம், இந்தோனேசியாவில் வளரும் சில உறவு மரங்களின் பட்டைகளுக்கு வணிகத்தில் பொதுவாக இந்தப் பெயர். தடிமனானது, காரம் அதிகம், விலை குறைவு.

தமிழ்நாட்டுத் தமிழில் இரண்டுக்கும் 'பட்டை'தான். மரத்தின் தோல் என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை. இந்தியில் நிலைமை இன்னும் வேடிக்கை. 'தால்சீனி' பாரசீகத்திலிருந்து வந்த சொல். பொருள், 'சீனத்து மரம்'. ஆனால் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2011 ஒழுங்குமுறைகள் 'தால்சீனி' என்ற பெயரை சிலோன் மரத்துக்குக் கொடுத்திருக்கின்றன. சீன மரம் உள்ளிட்ட காசியா வகைகளுக்கு 'தஜ்' என்று பெயர்.

சுங்கத் துறையும் பிரித்துத்தான் பார்க்கிறது. உலக நாடுகள் பொதுவாகப் பயன்படுத்தும் சரக்குக் குறியீட்டில், அரைக்காத சிலோன் பட்டைக்கு 0906 11. அரைக்காத மற்ற வகைகளுக்கு 0906 19. தூளாக்கி, அரைத்து வந்தால் எல்லாமே 0906 20. அதாவது, தூளானதும் எந்த மரம் என்ற விவரம் இந்தக் குறியீட்டிலேயே மறைந்துவிடுகிறது.

100-ல் 82

அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சிக் கழகம், அதாவது சி.எஸ்.ஐ.ஆர்., 2021-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. இந்தியா ஆண்டுக்கு 45,318 டன் பட்டையை இறக்குமதி செய்கிறது. மதிப்பு 909 கோடி ரூபாய். இதில் 37,166 டன் காசியா.

சதவீதமாகப் போட்டால் 82%. இறக்குமதியாகும் ஒவ்வொரு 100 கிலோவிலும் 82 கிலோ, சட்டம் 'தஜ்' என்று அழைக்கும் சரக்கு. மொத்த மதிப்பை மொத்த எடையால் வகுத்தால் ஒரு கிலோ சராசரியாக 200 ரூபாய் வருகிறது. இந்த 200 ரூபாயை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர் விவசாயி போட்டி போட வேண்டியது இந்த விலையோடுதான்.

மரத்தைப் புதராக்கும் விவசாயம்

விட்டால் 10 மீட்டருக்கு மேல் வளரக்கூடிய மரம் இது. ஆனால் தோட்டத்தில் போய்ப் பார்த்தால் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நிற்கும் புதர்தான் கண்ணில் படும். அப்படி ஆக்குவதுதான் இந்த விவசாயத்தின் அடிப்படை.

விதையை எடுத்து வைத்திருந்து விதைக்க முடியாது. பழுத்து விழுந்த சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும். நாற்றங்காலில் ஓராண்டு வளர்த்த கன்றை, இந்தியாவில் பொதுவாக 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். கன்றுக்கு 2 வயது ஆனதும் தரையோடு ஒட்ட வெட்டி, அடிக்கட்டையைச் சுற்றி மண் அணைத்துவிடுவார்கள். பார்ப்பவர்களுக்குச் செடியையே அழித்துவிட்டது போலத் தெரியும். ஆனால் அடிக்கட்டையிலிருந்து நேராக, விரல் பருமனில் பல கிளைகள் கிளம்பும். அறுவடை செய்வது இந்தக் கிளைகளைத்தான். நட்டதிலிருந்து முதல் அறுவடைக்கு 3 அல்லது 4 ஆண்டுகள் ஆகும். அதன் பிறகு வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

எப்போது வெட்டுவது? மழைக்குப் பிறகு, தளிர்கள் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறி, பட்டைக்கு அடியில் சாறு நன்றாக ஓடும் நேரத்தில். கத்தியால் ஒரு கீறல் போட்டுப் பார்ப்பார்கள். பட்டை சுலபமாகப் பிரிந்தால் கிளை தயார். ஒட்டிக்கொண்டால் காத்திருக்க வேண்டியதுதான்.

உரிப்பதில் இருக்கிறது விலை

வெட்டிய கிளையின் சொரசொரப்பான மேல்தோலை முதலில் சுரண்டி எடுக்கிறார்கள். பிறகு பித்தளைக் கம்பியால் அழுத்தித் தேய்க்கிறார்கள். உள்பட்டை மரத்திலிருந்து தளர்வதற்காக. நீளவாக்கில் 2 கோடுகள் கீறி, கத்தியை உள்ளே நுழைத்து, கிழியாமல் முழுதாக உரிக்க வேண்டும். உரித்த பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, உடைந்த துண்டுகளை உள்ளே நிரப்பி, நீளமான சுருளாக்குகிறார்கள். இலங்கையில் ஒரு சுருளின் வழக்கமான நீளம் 42 அங்குலம். முதலில் நிழலில் காய வேண்டும். நேரே வெயிலில் போட்டால் கோணிவிடும்.

முழுக்கக் கைவேலை. சுருள் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு விலை. இலங்கையின் உச்ச தரமான 'ஆல்பா' சுருளின் விட்டம் 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒரு பென்சிலை விடச் சன்னம். இதற்கான கை பழக ஆண்டுக்கணக்கில் ஆகும். அதனால்தான் அங்கே உரிப்பவர்களுக்கு நாள்கூலியாக இல்லாமல், விளைச்சலில் ஒரு பங்கைக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அப்படிக் கொடுத்தும், அடுத்த தலைமுறை இந்த வேலைக்கு வரத் தயங்குவது இலங்கைத் தோட்டங்களின் நிரந்தரப் புலம்பல்.

காசியாவில் இந்தப் பாடு குறைவு. முதிர்ந்த மரத்தின் தடித்த பட்டையை உரித்துக் காயப்போட்டால் போதும், சன்னமாகச் சுருட்டிச் செருகும் வேலை இல்லை. இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த உழைப்பு.

இலங்கை தன் கறுவாவைப் பெயரால் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. 2022 பிப்ரவரியில் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. இலங்கைப் பொருள் ஒன்றுக்கு அங்கே கிடைத்த முதல் புவிசார் குறியீடு அது.

நம் ஊரில் விளையாதா?

விளையும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கிழக்கிந்திய கம்பெனி இன்றைய கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், அஞ்சரக்கண்டியில் பட்டைத் தோட்டம் போட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏற்காடு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு ரகத்தையும், கன்னியாகுமரி மாவட்டம் பேச்சிப்பாறை நிலையத்திலிருந்து ஒரு ரகத்தையும் வெளியிட்டிருக்கிறது. கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் நவஸ்ரீ, நித்யஸ்ரீ என்ற ரகங்களைத் தந்திருக்கிறது. ஆக, ரகம் இல்லாத குறை இல்லை.

புது முயற்சியும் நடக்கிறது, எதிர்பாராத ஓர் இடத்தில். 2021 செப்டம்பரில் இமாசலப் பிரதேசத்தின் ஊனா மாவட்டத்தில், சி.எஸ்.ஐ.ஆரின் பாலம்பூர் ஆய்வகம் மாநில வேளாண் துறையோடு சேர்ந்து உண்மையான பட்டை மரக் கன்றுகளை நட்டது. மேலே பார்த்த இறக்குமதிக் கணக்கு வெளியானது அப்போதுதான். வெப்பமும் ஈரமும், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழையும் விரும்பும் மரத்தை, குளிர்காலம் உள்ள ஊரில் வளர்க்கப் பார்க்கிறார்கள். மரம் பிழைக்குமா என்பது ஒரு கேள்வி. பிழைத்தபின் உரிக்க ஆள் கிடைக்குமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

ஒரு விவசாயியின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். 3, 4 ஆண்டுகள் வருமானம் இல்லாமல் காத்திருக்க வேண்டும். அறுவடைக்குக் கைத்தேர்ச்சி உள்ள ஆள் வேண்டும். எல்லாம் முடித்துச் சந்தைக்குக் கொண்டுபோனால், அங்கே கிலோ 200 ரூபாய்க்கு இறங்கிய சரக்கும் அதே 'பட்டை' என்ற பெயரில் நிற்கும். வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாத வரை, கூடுதல் உழைப்புக்குக் கூடுதல் விலை எப்படிக் கிடைக்கும்? வீட்டுத் தோட்டத்தில் மிளகு, பாக்கோடு சேர்த்து 4 மரம் வைப்பதோடு பலரும் நிறுத்திக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

கூமரின் பயம் எவ்வளவு நியாயம்?

'காசியாவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தடை செய்துவிட்டார்கள்' என்று வாட்ஸ்அப்பிலும் சில செய்திகளிலும் பார்த்திருப்பீர்கள். உண்மை இல்லை. அமெரிக்காவில் காசியாவை 'சினமன்' என்ற பெயரிலேயே சட்டப்படி விற்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பது தடை அல்ல, உச்சவரம்பு. அதுவும் காசியாவில் உள்ள 'கூமரின்' என்ற வேதிப்பொருளுக்கு. தினசரி கேக், பிஸ்கட் வகைகளில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், பண்டிகைக்கால பாரம்பரிய பட்டைப் பலகாரங்களில் 50 மில்லிகிராம். 2013-ல் டென்மார்க் அதிகாரிகள் அந்த நாட்டின் புகழ்பெற்ற சினமன் ரோலுக்கு 15 என்ற வரம்பைப் பொருத்தப் போய், பேக்கரிக்காரர்கள் கொதித்தெழுந்து, கடைசியில் அது 'பாரம்பரியப் பலகாரம்' பட்டியலில் சேர்ந்த கதையும் உண்டு.

கூமரின் அதிகமானால், எல்லோருக்கும் இல்லாவிட்டாலும், உடல்வாகைப் பொறுத்துச் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படலாம். கறுவாவில் இது மிக மிகக் குறைவு. காசியாவில் சுமார் ஒரு கிராமுக்கு 3 மில்லிகிராம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் கணக்கு வைக்கிறது.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஆயுள் முழுக்கத் தினமும் எடுத்தாலும் பாதகமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு வைத்திருக்கும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கூமரின்.

60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம். அதாவது 2 கிராம் காசியாத் தூள்.

15 கிலோ எடை உள்ள குழந்தைக்கு 1.5 மில்லிகிராம். அதாவது அரை கிராம்.

ஒரு டீஸ்பூன் பட்டைத்தூளின் எடை சுமார் 2.6 கிராம். அதில் கூமரின் சுமார் 7.8 மில்லிகிராம்.

ஆக, தினமும் ஒரு டீஸ்பூன் காசியாத் தூளைத் தேநீரிலோ ஓட்ஸிலோ போடும் 60 கிலோ ஆசாமி வரம்பைத் தாண்டுகிறார். பதற வேண்டாம். ஓரிரு வாரங்களுக்கு இந்த அளவைப்போல 3 மடங்கு வரை போனாலும் கவலையில்லை என்று அதே ஐரோப்பிய அமைப்பு சொல்கிறது. சிக்கல், மாதக்கணக்கில் தினமும் எடுப்பதில்தான்.

வாரம் ஒருமுறை பிரியாணிக்கு ஒரு துண்டு போடும் வீட்டில் இந்தக் கணக்குக்கு வேலையே இல்லை.

சர்க்கரை குறையுமா?

தினமும் டீஸ்பூன் கணக்கில் எடுப்பவர்களில் பலரும் சொல்லும் காரணம் இது. நீரிழிவுக்குப் பட்டை உதவுமா என்று பார்த்த 10 மருத்துவச் சோதனைகளை, மொத்தம் 577 பேர், 2012-ல் காக்ரேன் மதிப்பாய்வு ஒன்றாகத் தொகுத்தது. பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு. பிறகு வந்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பட்டைத் தண்ணீருக்கு மாறுவது நிச்சயம் தவறான முடிவு. கல்லீரல் பிரச்னை உள்ளவர்கள், கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம்.

சரி, கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

தடிமனைப் பாருங்கள். கறுவா காகிதம் போல மெல்லியது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. விரலால் அழுத்தினால் நொறுங்கும். காசியா கெட்டியானது, உடைக்க வலு வேண்டும்.

சுருளைப் பாருங்கள். முனையில் பார்த்தால் பல அடுக்குகள், சுருட்டு மாதிரி நெருக்கமாகத் தெரிந்தால் கறுவா. தமிழ்நாட்டுக் கடைகளில் 'சுருள் பட்டை' என்று கேட்டால் புரியும். ஒரே அடுக்கு உள்பக்கம் வளைந்திருந்தாலோ, தட்டைத் துண்டுகளாக இருந்தாலோ பெரும்பாலும் காசியா.

நிறமும் மணமும் உதவும். கறுவா வெளிர் பழுப்பு, மென்மையான இனிப்பு மணம். காசியா செம்பழுப்பு, சுள்ளென்ற மணம்.

லேபிளைப் படியுங்கள். தாவரப் பெயர் போட்டிருக்கிறதா, எந்த நாட்டிலிருந்து வந்தது என்று இருக்கிறதா? பத்து நிமிடத்தில் டெலிவரி செய்யும் ஆப்களில் படத்தைப் பெரிதாக்கினால் பின்பக்க லேபிள் பெரும்பாலும் கிடைக்கும். 'சினமன்' என்ற சொல் மட்டும் போதாது.

தூளாக வாங்குவதைத் தவிர்க்கலாம். எந்த மரம் என்று கண்ணால் சொல்ல முடியாது என்பது ஒரு காரணம். கலப்படம் இன்னொன்று. 2023-ல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழ் பாக்கெட்டுகளில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டபோது, அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தின் விசாரணை, அதில் சேர்த்த பட்டைத்தூளில்தான் போய் நின்றது. முழுசாக வாங்கி வீட்டு மிக்ஸியில் பொடிப்பது நல்லது.

வீட்டில் இருக்கும் காசியாவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. குழம்புக்கும் பிரியாணிக்கும் அதன் காரம்தான் பொருத்தம் என்று சொல்பவர்களும் உண்டு. தினசரி டீ, ஓட்ஸ், குழந்தைகளின் பால் ஆகியவற்றுக்கு மட்டும் சுருள் பட்டைக்கு மாறினால் போதும். விலை கூடத்தான் செய்யும். ஆனால் 50 கிராம் பல வாரம் வரும்.

அடுத்த முறை மந்திர் மார்க்கிலோ மயிலாப்பூரிலோ கடைக்காரரிடம் 'பட்டை குடுங்க' என்பதோடு நிறுத்தாமல், 'சுருளா, தட்டையா? எந்த ஊர் சரக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். கேட்பவர்கள் அதிகமானால் கடைக்காரர் இரண்டையும் தனித்தனி டப்பாவில் வைப்பார். ஏற்காட்டிலோ ஊனாவிலோ 4 ஆண்டுகள் காத்திருந்து அறுவடை செய்பவருக்கு, இறக்குமதி விலையோடு மோதாமல் தன் சரக்கைத் தனி விலைக்கு விற்க அப்போதுதான் வழி பிறக்கும்.